வாரண்டியில் கார் பழுது பார்ப்பது எப்படி? ஜாப் கார்டில் கவனம் வையுங்கள்

வாரண்டி உள்ள காரை டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வாரண்டிப் பழுதின் செலவைப் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனமே ஏற்கிறது. டீலர் வேலையை முடித்துவிட்டு அந்தத் தொகையை நிறுவனத்திடம் கோரிப் பெறுகிறார். அந்தக் கோரிக்கைக்கு அடிப்படை, நீங்கள் காரை விடும் நாளில் உங்கள் புகாரையும் செய்ய வேண்டிய வேலையையும் குறித்து எழுதப்படும் ஜாப் கார்டு.

படி 1: வாரண்டிக் கையேட்டைப் படியுங்கள்

வாரண்டிக்குப் பொதுவாக ஆண்டு, கிலோமீட்டர் என இரண்டு வரம்புகள் உண்டு. எது முதலில் முடிகிறதோ அத்துடன் வாரண்டியும் முடிந்துவிடும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் பிளேடு போன்ற தேயும் பாகங்கள் பெரும்பாலும் இதில் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி இருக்கலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது தனி ஒப்பந்தம் என்பதால், அதன் விலக்குப் பட்டியலைத் தனியாகப் படிக்க வேண்டும்.

படி 2: கோளாறைப் பதிவு செய்யுங்கள்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும் சத்தம், நீங்கள் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிச் சென்று சேர்வதற்குள் மறைந்துவிடும். அத்தகைய கோளாறுக்கு வீடியோ எடுத்து வைப்பதுடன், முந்தைய நாள் மாலையிலேயே காரை அங்கு விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவர்களே செய்து பார்க்கும்படி கேளுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓடோமீட்டரும் (கார் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் கருவி) தெரியும்படி படம் எடுங்கள். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். அப்படி அணைத்தால், காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டுடன், கோளாறு நேர்ந்த நொடியில் கார் சென்ற வேகம், எஞ்சின் வெப்பநிலை முதலிய பதிவுகளும் அழிந்துபோகும்.

படி 3: ஜாப் கார்டை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். உங்களிடம் புகாரைக் கேட்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர் அவசரத்தில் ‘சத்தம் வருகிறது, செக் செய்யவும்’ என்று எழுதிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்கின் கைக்குப் போவது அந்த வரி மட்டுமே. அதற்குப் பதிலாக, ‘60 கிலோமீட்டர் வேகத்தில் இடப்பக்கம் திரும்பும்போது முன் வலது சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம், நேராக ஓட்டினால் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். அறிகுறியைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள்: ‘பேரிங்கை மாற்றுங்கள்’ என்று நீங்களே கேட்டால், அது நீங்கள் விரும்பிச் செய்துகொண்ட, கட்டணம் உள்ள வேலையாகப் பதிவாகக்கூடும். தேதியும் ஓடோமீட்டர் அளவும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். வாரண்டி முடியும் தறுவாயில், கோளாறு காலத்துக்குள் தெரிவிக்கப்பட்டதற்கு அவையே சாட்சி. கோளாறு வாரண்டியில் சேராது என்று தெரியவந்தால் பரிசோதனைக் கட்டணம் யாருடையது என்பதையும் முன்கூட்டியே கேட்டு, உங்கள் ஒப்புதல் இல்லாமல் கட்டண வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று எழுதச் செய்யுங்கள்.

படி 4: மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

‘இதற்கு வாரண்டி கிடையாது’ என்ற வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். கையேட்டின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் பெற்று, ஜாப் கார்டு எண்ணையும் எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 இடங்கள் கொண்ட காரின் அடையாள எண்ணையும் (VIN) குறிப்பிட்டுத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். சர்வீஸ் பில்கள் அனைத்தும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். வாரண்டி சற்று முன்புதான் முடிந்திருந்தால், நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பகுதியை ஏற்குமாறு கேட்கலாம். நிறுவனங்கள் சில வேளைகளில் ஒப்புக்கொள்கின்றன.

படி 5: காரை எடுக்கும்போது

அதே வேகத்தில், அதே திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் அட்வைசரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாரண்டியில் மாற்றிய பழைய பாகத்தை நிறுவனம் திரும்பக் கேட்கக்கூடும் என்பதால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கட்டணம் செலுத்தி மாற்றியதாக இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். செலுத்த வேண்டிய தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் இல்லாமல் வெளியேற வேண்டாம். அதே கோளாறு மீண்டும் வந்தால், முந்தைய ஜாப் கார்டின் எண்ணைக் குறிப்பிட்டு, அதே சொற்களில் புதிய புகாரைப் பதிவு செய்யுங்கள். சொற்கள் மாறினால் அது வேறொரு கோளாறாகவே கணக்கில் ஏறிவிடக்கூடும்.