பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர் சங்கத்தை நடத்துவது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.டி. (மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட்) என்று ஒரு அறை இருக்கும். பெரும்பாலும் பின்கட்டில், ஜன்னல் குறைவான இடத்தில். டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டை அடுக்குவது, நோய்க்கு ஐ.சி.டி. கோடு (உலகெங்கும் நோய்களை வகைப்படுத்தும் எண்) போடுவது, தினசரி சென்சஸ் (அன்றைய உள்நோயாளிகளின் எண்ணிக்கை) எடுப்பது, பிறப்பு இறப்புத் தகவலை அனுப்புவது, காப்பீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் நகல் கொடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. பெருந்தொற்று வந்தால் மாலையில் செய்தியில் வாசிக்கப்படும் எண்ணிக்கைகளில் பலவும் இந்த அறையில் இருப்பவர்கள் எழுதிக் கொடுத்தவையே.

இந்தப் பணியாளர்களுக்கென்று உங்கள் மாவட்டத்தில் ஒரு சிறு சங்கம் இருக்கிறது, அதன் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2020, 2021 ஆண்டுகளில் குமரி மாவட்டத்தில் இந்த வேலை எப்படி இருந்தது என்பதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்கலாம். மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ முப்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவரே ரிசப்ஷனையும் பார்ப்பார், இன்சூரன்ஸையும் பார்ப்பார். பெருந்தொற்றில் சங்கத்தின் முதல் கடமை அவருக்குத்தான். அவர் கேட்கிற கேள்விக்கு அன்றைக்கே சரியான பதில் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

முதல் வேலை: பட்டியல்

உறுப்பினர் பட்டியல் எல்லாச் சங்கத்திலும் இருக்கும். அதில் பாதி எண்கள் மாறியிருக்கும். தொற்று பரவும் செய்தி வந்த வாரமே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். பெயர், எண், வேலை செய்யும் இடம் மட்டும் போதாது. வீடு எங்கே என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இது மிக முக்கியம். கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வீடும் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் வேலையுமாக இருப்பவர்களுக்குக் களியக்காவிளையில் எல்லை அடைபட்டால் வேலைக்கு வர வழியில்லை. நெல்லையிலிருந்து வருபவர்களுக்கு ஆரல்வாய்மொழி சோதனைச் சாவடி. 2020 ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு மாற்று ஆளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனிமைப்படுத்தப்பட்டால் அந்த எம்.ஆர்.டி. பூட்டித்தான் கிடக்கும். பக்கத்து ஊரில் யார் தொலைபேசியில் வழிகாட்டுவார், அனுமதி கிடைத்தால் யார் நேரில் போய் உதவுவார் என்று முன்பே பேசி வையுங்கள். சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இதே விதிதான். செயலாளர் படுத்துவிட்டால் யார், வங்கியில் கையெழுத்துப் போடும் பொருளாளர் படுத்துவிட்டால் யார் என்பது தீர்மானமாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பட்டியலைக் காகிதத்தில் அச்செடுத்து மூன்று நான்கு பேர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். 2017 ஒக்கிப் புயலின்போது நாட்கணக்கில் கரண்டும் சிக்னலும் இல்லாமல் இருந்த மாவட்டம் இது.

கூட்டமும் சட்டமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் உங்கள் துணைவிதிகளை எடுத்து முதலில் படியுங்கள். அறிவிப்பு எத்தனை நாள் முன்பு தர வேண்டும், கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) எவ்வளவு, ஆன்லைன் கூட்டம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், ஆன்லைனில் பேசி எடுத்த முடிவுகளை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, நேரில் கூடும் முதல் கூட்டத்தில் முறைப்படி உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு. துணைவிதியைத் திருத்துவது பெரிய வேலை. அதை அவசரத்தில் செய்யாதீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டியவை இருந்தால் தேதி தள்ளிப்போகும் முன்பே ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். 2020-இல் ஊரடங்கு மார்ச் 25 அன்று வந்தது. நிதியாண்டு முடிய ஒரு வாரம்கூட இல்லை.

சந்தேகக் குழு: இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள்

இரண்டு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். ஒன்று அறிவிப்புக்கு, அதில் பொறுப்பாளர்கள் மட்டும் எழுதலாம். இன்னொன்று சந்தேகத்துக்கு. இரண்டையும் கலந்தால் முக்கியமான சுற்றறிக்கை காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

சந்தேகக் குழுவின் விதிகளை முதல் நாளே ஒட்டி வையுங்கள். நோயாளியின் பெயர், வயதோடு ஊர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), கேஸ் ஷீட் படம், லேப் ரிப்போர்ட் எதுவும் கூடாது. இதில் இரக்கமே காட்டாதீர்கள். சின்ன ஊர்களில் "அறுபது வயசு, இன்ன தெரு" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தொற்று உறுதியானவர்களின் வீட்டையே ஊர் ஒதுக்கிய நாட்களை நாம் பார்த்தோம். நோயாளியின் தகவலைக் காப்பதுதான் நம் தொழில். நம் குழுவிலிருந்தே அது கசிந்தால் சங்கத்துக்கு முகம் இருக்காது.

கேள்வி இப்படி வரட்டும்:

"அக்கா, ஒரு கேஸ். ஸ்வாப் நெகட்டிவ், சி.டி.யில் நிமோனியா இருக்கு, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உண்டு. எந்தக் கோடு போட?"

பதில் இப்படிப் போகட்டும்:

"டாக்டர் டயக்னோசிஸ்ல என்ன எழுதியிருக்காங்கன்னு முதல்ல பாரும்மா. கோவிட்னு மருத்துவ ரீதியா முடிவு பண்ணி எழுதியிருந்தா யு07.2. ஒண்ணும் எழுதலன்னா நீயா முடிவு எடுக்காத, டாக்டர்ட்ட கேட்டு எழுதி வாங்கு."

கோவிட் வந்தபோது உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-10 இல் அவசரத்துக்குத் திறந்த எண்கள் இவை. பரிசோதனையில் வைரஸ் உறுதியானால் யு07.1. பரிசோதனையில் உறுதியாகாமல், அறிகுறியும் சூழலும் வைத்து மருத்துவர் கோவிட் என்று தீர்மானித்தால் யு07.2. பிறகு கோவிட்டுக்குப் பிந்தைய உடல்நிலைக்கு யு09.9 வந்தது. கோடு போடுபவர் நோயைத் தீர்மானிப்பதில்லை, மருத்துவர் எழுதியதை எண்ணாக மாற்றுகிறார். அடுத்து வரும் பெருந்தொற்றில் எண்கள் வேறாக இருக்கும், இந்த விதி மாறாது.

பதில் சொல்லும் பொறுப்பை மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுங்கள். கோடிங் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், இறப்புச் சான்று விவரம் தெரிந்தவர் ஒருவர், அரசு இணையதளங்களில் பதிவேற்றம் செய்து பழகியவர் ஒருவர். பதிலோடு அது எந்தச் சுற்றறிக்கையில் உள்ளது, என்ன தேதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருந்தொற்றில் விதி வாரத்துக்கு வாரம் மாறும். தேதி இல்லாத விதி ஆபத்து. யாரோ ஃபார்வர்டு செய்த படத்தை நம்பிக் கோடு போடக் கூடாது, மூல ஆவணம் கையில் இருந்தால் மட்டுமே குழுவில் போடலாம். வாரக் கடைசியில் கேள்வி பதில்களைத் தொகுத்து ஒரு பக்கமாக எல்லாருக்கும் அனுப்பினால், அடுத்த மாதம் அதே கேள்வி பத்துத் தடவை வராது.

பயிற்சி: இறப்புச் சான்றிலிருந்து தொடங்குங்கள்

பெருந்தொற்று வந்தால் எல்லாரும் வெபினார் நடத்துவார்கள். நீங்கள் நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஜூமில் இலவசமாகக் கிடைப்பதும் அவ்வளவுதான், இரட்டை ஷிப்ட் பார்த்து வந்தவர் கவனிப்பதும் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரே தலைப்பு. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மலையோரம் இருப்பவர்களுக்கு வீடியோ நின்று நின்று வரும். அவர்களுக்காகக் குரல் பதிவாக மட்டும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

முதல் வகுப்பு இறப்புக் காரணச் சான்றாக இருக்கட்டும். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் சான்று இது. மருத்துவமனையில் நடந்த இறப்புக்குப் படிவம் 4, வெளியே நடந்ததற்குப் படிவம் 4ஏ. எழுதுவது மருத்துவர்தான். ஆனால் சரியாக நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கண் நம்முடையது.

ஒரு கற்பனைக் கேஸை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் கோவிட் உறுதியாகி, நிமோனியா முற்றி, ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் கடுமையாகச் செயலிழக்கும் நிலை) வந்து இறக்கிறார். சான்றின் முதல் பகுதியில், மேல் வரியில் உடனடிக் காரணமான ஏ.ஆர்.டி.எஸ்., அடுத்த வரியில் நிமோனியா, அதற்கும் கீழே எல்லாவற்றையும் தொடங்கி வைத்த கோவிட்-19. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரண்டாம் பகுதிக்குப் போகும். பெங்களூருவில் உள்ள தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையத்தின் மூலம் 2020-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொன்னது. "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று மட்டும் எழுதி வரும் சான்றைப் பார்த்தால் அப்படியே அனுப்பாதீர்கள். இதயமும் மூச்சும் நிற்பது எல்லா இறப்பிலும் நடப்பது, அது காரணம் ஆகாது. "டாக்டர், அடிப்படைக் காரணம் விட்டுப்போயிருக்கு" என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கும் துணிச்சலைச் சங்கம்தான் உறுப்பினருக்குத் தர வேண்டும். மூத்த மருத்துவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து அவர் வாயாலேயே இதைச் சொல்ல வைத்தால் பாதி வேலை முடிந்தது.

உறுப்பினரின் உடம்பும் பாதுகாப்பும்

முதல் மாதங்களில் கோவிட் வார்டிலிருந்து வரும் காகிதத்தைத் தொடவே எல்லாருக்கும் பயம். பெட்டியில் போட்டு நாள் கணக்கில் ஒதுக்கி வைத்தார்கள். பிறகுதான், பொருளைத் தொட்டுப் பரவுவது குறைவு, காற்று வழியாகவே அதிகம் பரவுகிறது என்று தெளிவானது. ஆகவே கை கழுவுவது இருக்கட்டும், அறையைப் பாருங்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் நான்கு பேர் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருப்பதுதான் நிஜ ஆபத்து. மேசைகளைப் பிரிக்க, எக்ஸாஸ்ட் விசிறி வைக்க, முறை வைத்து வேலைக்கு வர அனுமதி கேட்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் அனுப்புங்கள். தனி ஆள் கேட்டால் தயக்கம் வரும், சங்கம் கேட்டால் வராது.

முகக்கவசமும் தடுப்பூசியும் பங்கிடும்போது எம்.ஆர்.டி. ஆட்களின் பெயர் விட்டுப்போகும். வார்டில் நிற்பவர் பட்டியலை வார்டிலிருந்துதானே எடுப்பார்கள். 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது முன்கூட்டியே பட்டியலில் ஏற்றப்பட்டவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. ஆகவே பெயர்ப் பட்டியல் கேட்கும் முன்பே உங்கள் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்று, பணி ஆணை. 2020 மார்ச் கடைசியில் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீடு, கோவிட் நோயாளிகளோடு நேரடித் தொடர்பில் இருந்து ஆபத்துக்கு உள்ளான சுகாதாரப் பணியாளர்களுக்கானதாக இருந்தது. வார்டுக்குப் போய் கேஸ் ஷீட் எடுத்து வந்தவர் அதை நிரூபிக்க என்ன செய்வார்? கோவிட் பிரிவில் வேலை பார்க்கச் சொன்ன ஆணையும் டியூட்டி ரோஸ்டரும் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கி ஒரு நகலை வீட்டில் வைக்க ஒவ்வொரு உறுப்பினரிடமும் சொல்லுங்கள்.

பணம்

சந்தாவை ரத்து செய்யாதீர்கள், தள்ளி வையுங்கள். சம்பளம் குறைந்த தனியார் ஆஸ்பத்திரி உறுப்பினர்களுக்கு அது போதும். உதவி நிதி திரட்டினால் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், பொருளாளரின் ஜிபே எண்ணுக்கு அல்ல. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது கணக்கில் இருக்கட்டும், பெயர் குழுவில் வர வேண்டாம்.

அலை ஓய்ந்த பிறகு வரும் வேலை

இதைப் பலர் எதிர்பார்க்கவில்லை. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கோவிட்டில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கருணைத் தொகை தர வழிகாட்டுதல் வகுக்கச் சொன்னது. செப்டம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பு, ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்திருந்தாலும் கோவிட் இறப்பாகக் கருதப்படும். விபத்து, கொலை, விஷம் போன்றவை சேராது. தொகை ரூ.50,000. உடனே குடும்பங்கள் எம்.ஆர்.டி. கதவுக்கு வந்தன. சிலரிடம் இறப்புச் சான்றில் காரணம் இல்லை, சிலரிடம் பரிசோதனை முடிவு இல்லை.

இதற்குத் தொற்றுக் காலத்திலேயே தயாராகுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இறப்புகளுக்கென்று ஒரு தனி அட்டவணை இருக்கட்டும். ஐ.பி. நம்பர், பரிசோதனை தேதி, முடிவு, இறந்த தேதி, படிவம் 4 அனுப்பிய தேதி, இவ்வளவு போதும். ஆவண நகல் கேட்டு நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ விண்ணப்பித்தால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-இன் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குவிதி. அழுதுகொண்டு வருபவரைத் திங்கட்கிழமை வாங்க என்று திருப்பி அனுப்பாமல், என்னென்ன தாள் கொண்டுவர வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டாக அச்சடித்துச் சங்கம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம்.

சான்றைத் திருத்தித் தரச் சொல்லி வற்புறுத்தல் வரும். பழைய கேஸ் ஷீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. பிழை உண்மையிலேயே இருந்தால் மருத்துவர் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். இறப்பு கோவிட்டால்தானா என்று முடிவைச் சொல்ல அப்போது மாவட்ட அளவில் குழு இருந்தது. அப்படி ஒரு குழு இருந்தால் குடும்பத்தை அங்கே அனுப்புங்கள். அதே ஒழுங்குவிதிப்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருந்தால் போதும். அந்தக் கெடு முடிந்தது என்று பெருந்தொற்றுக் கால ஃபைல்களைக் கழிக்க நிர்வாகம் கிளம்பினால், கருணைத் தொகை, காப்பீடு, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்த பிறகே செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.