பாகிஸ்தானிய இனிப்புகள்: சர்க்கரையை முந்திச் சேர்ப்பதும் பிற தவறுகளும்

பாகிஸ்தானிய இனிப்புகள் வீட்டில் சரியாக அமையாமல் போவதற்கு, சர்க்கரையின் அளவைவிட அது சேர்க்கப்படும் நேரமே பெரும்பாலும் காரணமாகிறது. இதற்குத் தெளிவான சான்று, அங்கே திருமண விருந்துகளில் பரிமாறப்படும் ஜர்தா என்னும் மஞ்சள் நிற இனிப்புச் சோறு. பிரியாணி சமைத்துப் பழகியவர்கள் பாசுமதி அரிசியை முக்கால் பதத்தில் வடித்து, மீதி தம்மில் வெந்துவிடும் என்று நம்பிச் சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரையோ அரிசிக்கு வேண்டிய நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதோடு, மாவுச்சத்து வேகத் தேவையான வெப்பநிலையையும் உயர்த்திவிடுவதால், அதன் பிறகு எவ்வளவு நேரம் தம்மில் வைத்தாலும் பருக்கைகள் விறைத்தே நிற்கும். ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியாத அளவுக்கு வெந்த பிறகே சர்க்கரையையும் நெய்யையும் சேர்க்க வேண்டும். குழைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள் ‘சேலா’ எனப்படும் புழுங்கல் பாசுமதியை வாங்கிக்கொள்ளலாம். அது முழுமையாக வெந்தாலும் உடையாது.

அரிசிப் பாயசமான கீருக்கும் இதே விதிதான். கேரட் அல்வாவில் சிக்கல் வேறு வகையானது. சர்க்கரை சேர்ந்ததும் கேரட் மறுபடியும் நீர்விடும் என்பதால், பால் முழுவதும் வற்றிய பிறகு சர்க்கரையைப் போட்டு, அந்த நீரும் சுண்டியபின் நெய்யில் நிதானமாக வதக்க வேண்டும். இந்தக் கடைசி வதக்கலைச் சுருக்கிக்கொள்வதே பலரும் செய்யும் தவறு. நெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது. துருவிய கேரட்டைப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பஞ்சாபின் குளிர்காலச் சிவப்புக் கேரட்டின் சுவையில் பாதி அந்தச் சாற்றோடு போய்விடும் என்பது என் கருத்து.

குலாப் ஜாமூனில் கைப்பக்குவமே முதன்மையானது. கோவாவையோ பால் பவுடரையோ மைதாவுடன் சேர்க்கும்போது சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தால் உருண்டை இறுகிவிடும். ஆகவே விரல் நுனிகளால் மெல்லச் சேர்த்தாலே போதும். சமையல் சோடா ஒரு சிட்டிகை கூடினாலும் எண்ணெயில் உருண்டை பிரிந்துபோகும். எண்ணெய் புகையுமளவு காய்ந்திருந்தால் மேற்புறம் உடனே சிவந்து உட்புறம் மாவாகவே நிற்கும். உருண்டையைப் போட்டதும் சில நொடிகள் அடியில் தங்கி, பிறகு மெல்ல மேலே வருமானால் சூடு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். பாகைக் கம்பிப் பதம்வரை காய்ச்சுவதும் தவறுதான், ஏனெனில் கெட்டியான பாகு உள்ளே இறங்காது. விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் இறக்கி, அது வெதுவெதுப்பாக இருக்கும்போது சூடான உருண்டைகளை அதில் இட வேண்டும்.

ஈகைத் திருநாள் காலையில் செய்யப்படும் ஷீர் குர்மா என்னும் சேமியாப் பாயசத்தை அடுப்பிலேயே கெட்டியாக்கிவிடக் கூடாது. நெய்யில் வறுத்த சேமியா இறக்கிய பிறகும் பாலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விருந்தினர் வருவதற்குள் அது களியாகிவிடாமலிருக்க, நீர்க்க இருக்கும்போதே இறக்கிச் சிறிது காய்ச்சிய பாலைத் தனியாக எடுத்துவைப்பது நல்லது. இதில் சேரும் உலர்ந்த பேரீச்சையை முந்தைய இரவே ஊறவைக்காவிட்டால் அது மெல்ல முடியாத தோலாகவே கிடக்கும்.

பாலைச் சுண்டக் காய்ச்சி ரப்ரி என்னும் இனிப்பைச் செய்பவர்கள் இடைவிடாமல் கிளறுவதும் வீண் உழைப்பே. அதற்கு வேண்டியது பாலாடை என்பதால், மெல்லிய தீயில் ஆடை படியவிட்டு, அதைப் பாத்திரத்தின் ஓரங்களில் ஒதுக்கி, கடைசியில் வழித்துப் பாலில் சேர்க்க வேண்டும். தாழம்பூ நீரான கேவ்டாவைக் கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். கேவ்டா எசன்ஸ் அதைவிடப் பல மடங்கு கடுமையானது என்பதால், அடுப்பை அணைத்த பின் இரண்டு மூன்று துளிகளுக்கு மேல் விடக் கூடாது.