டிமென்ஷியா: மருந்து வருவதற்கு முன் ஒரு நாடு செய்து வைக்க வேண்டியவை

டிமென்ஷியா எனும் மறதிநோய்க்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயின் போக்கைச் சற்றே மெதுவாக்கும் லெக்கனேமாப் மருந்துக்கு ஜப்பான் 2023 செப்டம்பரில் அனுமதி அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பொது மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டது. நோயாளியை அந்த மருந்துவரை கொண்டு சேர்க்கும் ஏற்பாடுகள் அங்கு பல ஆண்டுகளாக உருவாகி வந்திருந்தன. தேசியத் திட்டம் வகுப்போர் கவனிக்க வேண்டியது அந்த ஏற்பாடுகளின் வரிசையைத்தான்.

முதலில் பராமரிப்புச் செலவுக்கு வழி செய்யுங்கள். ஜப்பான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதானவர்கள் முதல் அதற்குச் சந்தா செலுத்துகிறார்கள், பகல்நேரப் பராமரிப்பும் வீட்டு உதவியும் அதிலிருந்து கிடைக்கின்றன. 2022 மதிப்பீட்டின்படி அங்கு டிமென்ஷியா உள்ளவர்கள் சுமார் 44 லட்சம் பேர். புதிய மருந்தோ தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், மிகப் பலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படப்போவது ஊசி அல்ல, உதவிக்கு ஓர் ஆள்.

அடுத்து, வீடு தேடிச் செல்லும் குழுவை அமையுங்கள். ஜப்பானின் நகராட்சிகளில் இயங்கும் தொடக்கநிலைத் தீவிர ஆதரவுக் குழுக்கள், மருத்துவரிடம் போக மறுப்பவரின் வீட்டுக்கே சென்று, ஏறக்குறைய ஆறு மாதம் வரை கூடவே இருந்து, சிகிச்சைக்கோ பராமரிப்புக்கோ சேர்த்துவிடுகின்றன. குளிர்பெட்டியில் ஒரே பொருள் நாலைந்து பொட்டலங்களாக அடுக்கியிருப்பதையும், போன வார மாத்திரைகள் பட்டையிலேயே பிரிக்கப்படாமல் கிடப்பதையும் வீட்டுக்குப் போகிறவர்தான் பார்க்க முடியும். மருத்துவமனையின் பத்து நிமிடச் சந்திப்பில் நோயாளி கலகலப்பாகப் பேசிச் சமாளித்துவிடுவார்.

அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவு மூளையில் இருக்கிறதா என்று காட்ட உதவும் இரத்தப் பரிசோதனையை எங்கே வைப்பது என்பதில் அவசரம் வேண்டாம். ஜப்பானிய நிறுவனமான ஃபுஜிரெபியோவின் பரிசோதனைக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி அளித்தபோதுகூட, 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி உள்ளவர்களுக்கு, சிறப்பு மருத்துவச் சூழலில் மட்டுமே என்று வரம்பிட்டது. அதற்கான ஆய்வில் 499 பேரில் 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு முடிவு இப்படியும் அப்படியுமாக, தெளிவின்றி வந்தது. அவர்களை, அந்தப் படிவைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேனுக்கோ தண்டுவட நீர்ப் பரிசோதனைக்கோ அனுப்ப இடம் ஒதுக்காமல் இரத்தப் பரிசோதனையைப் பரப்பினால், காத்திருப்போர் வரிசை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகருமே ஒழியக் குறையாது. தலைச்சுற்றலுக்கும் மறதிக்கும் வேறுபாடு கேட்டறியாமல் தெருமுனை ஆய்வகம் இதை விற்கத் தொடங்குவதையும் விதி போட்டுத் தடுக்க வேண்டும்.

மருந்து தரும் மையங்களை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். இதுவே திட்டத்தின் கடினமான பகுதி. லெக்கனேமாப் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியே ஏற்றப்படுவது. மூளை வீக்கமோ நுண்கசிவோ ஏற்படக்கூடும் என்பதால் 14ஆம் தவணை உட்பட, குறிப்பிட்ட சில தவணைகளுக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கிறது. பதினான்காவது தவணை வரும்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். ஜப்பானின் விதியும் முதல் ஆறு மாதத்தை, அனுபவமுள்ள மருத்துவர்களும் எம்.ஆர்.ஐ. வசதியும் கொண்ட மருத்துவமனையில் கட்டாயமாக்கி, அதன் பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர அனுமதிக்கிறது. எம்.எம்.எஸ்.இ. நினைவாற்றல் தேர்வில் 30க்கு 22 மதிப்பெண்ணாவது பெற்றிருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. அதற்குக் கீழே இருப்பவரிடம் "உங்களுக்கு இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், அன்றே பராமரிப்புக் காப்பீட்டு அலுவலரிடம் பெயரைக் கொடுப்பதை மையத்தின் கடமையாக எழுதி வையுங்கள்.

பலனைப் பெரிதுபடுத்தக் கூடாது. சுமார் 1,800 பேரிடம் நடந்த முதன்மைச் சோதனையில் 18 மாத முடிவில் நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவு. குடும்பத்தாரிடம் ஒப்புதல் கேட்கும் தாளில் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே அச்சாக வேண்டும்.

மருந்து பெறும் ஒவ்வொருவரையும் பதிவேட்டில் சேர்ப்பதை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள். பாதியில் நிறுத்தியவர்களையும், நிறுத்திய காரணத்தையும் அதில் விடாமல் குறிக்க வேண்டும்.