ஆங்கிலப் பயிர்ச் சொற்களுக்கும் தீவனச் சொற்களுக்கும் உருதுப் பொருள் காண்பது எப்படி?

பாகிஸ்தானில் உருது மொழியில் வெளியாகும் வேளாண்மைக் கையேடுகளையோ கால்நடை வளர்ப்புக் காணொளிகளையோ புரிந்துகொள்ள விரும்பும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கில–உருது அகராதியைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், ஆங்கிலம் ஒரே சொல்லால் முடித்துவிடும் பல இடங்களில் உருது, தமிழைப் போலவே, பயிர் நிலத்தில் நிற்கிறதா, உமி நீங்கியதா, காய்ந்த தாளா என்று பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தமிழில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு உருதுவுக்குச் செல்லும் வழியையே இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: ஏட்டைத் தயார் செய்தல்

ஒரு நோட்டில் ஆங்கிலம், தமிழ், உருது, பஞ்சாபி என நான்கு பத்திகள் இடுங்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்து விவசாயிகள் உருது பேசும்போதும் வயல் சார்ந்த சொற்களைப் பஞ்சாபியிலேயே சொல்வது வழக்கம் என்பதால் நான்காம் பத்தி அவசியமாகிறது. கோதுமைக்குக் கையேட்டில் ‘கந்தும்’ என்றிருக்கும். வயலில் ‘கனக்’ என்பார்கள். கரும்பு கையேட்டில் ‘கன்னா’, வயலில் ‘கமாத்’. தமிழ் எழுத்து க, ச, ப ஆகியவற்றின் ஒலி வேறுபாடுகளைக் காட்டாது. எனவே ஒவ்வொரு சொல்லையும் உருது எழுத்திலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பருவத்தை அறிதல்

பயிருக்கும் விளைச்சலுக்கும் உருதுச் சொல் ‘ஃபஸல்’. இது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை கணக்கிடப்படும் ‘பசலி’ ஆண்டு இச்சொல்லிலிருந்து வந்ததுதான். அக்டோபர், நவம்பர் வாக்கில் விதைத்து ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பது ‘ரபீ’. கோடையிலும் மழைக்காலத்திலும் வளர்ந்து ஆண்டின் இறுதியை ஒட்டி அறுவடைக்கு வருவது ‘கரீஃப்’. ஒவ்வொரு பயிரின் பக்கத்திலும் பருவத்தைக் குறித்துவையுங்கள். கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, கடுகு ஆகியவை ரபீ. நெல், பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை கரீஃப்.

மூன்றாம் படி: தானியங்களும் பருத்தியும்

மக்காச்சோளம் ‘மகயீ’, கம்பு ‘பாஜ்ரா’, சோளம் ‘ஜுவார்’, தினை ‘கங்க்னீ’, கொண்டைக்கடலை ‘சனா’. இவை நேரடியானவை. ஆங்கிலத்தின் ‘ரைஸ்’ மட்டும் அப்படியன்று: நெல்லுக்கு ‘தான்’, அரிசிக்கு ‘சாவல்’, வைக்கோலுக்கு ‘பராலீ’ என்று பிரித்து எழுத வேண்டும். பருத்தியும் அவ்வாறே: பயிர் ‘கபாஸ்’, கொட்டை நீக்காமல் சந்தைக்கு வருவது ‘புட்டீ’, பஞ்சு ‘ரூயீ’, பருத்திக்கொட்டை ‘பினோலா’.

நான்காம் படி: தீவனச் சொற்கள்

தொடக்கநிலையினர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தீவனம் ‘சாரா’, முதல் எழுத்தைப் ‘பச்சை’யில் வரும் ச்ச போல ஒலிக்க வேண்டும். பசுந்தீவனம் ‘ஸப்ஸ் சாரா’, பஞ்சாபியில் ‘பட்டே’. வேற்றுமை உருபு சேரும்போது ‘சாரா’ என்பது ‘சாரே’ என்று திரியும் என்பதால், தீவனப் பயிர்கள் என்று தேடுவதற்குச் ‘சாரே கீ ஃபஸ்லேன்’ என்றே எழுத வேண்டும்.

குளிர்காலத் தீவனத்தின் அரசன் ‘பர்ஸீம்’. எகிப்திலிருந்து வந்த இப்பயிர் தன் அரபுப் பெயரையும் உடன் கொண்டுவந்தது. அக்டோபர் வாக்கில் விதைத்தால் மே வரை பலமுறை அறுக்கலாம். நாம் குதிரைமசால் என்பதை அவர்கள் ‘லூஸன்’ என்கிறார்கள். இது ‘லூசர்ன்’ என்ற ஆங்கிலப் பெயரின் உருதுத் திரிபே. ஓட்ஸ் ‘ஜயீ’. கோடையில் பசுந்தீவனத்துக்காக விதைக்கப்படும் சோளத்துக்குச் ‘சரீ’ என்ற பெயரும் உண்டு. காய்ந்த சோளத்தட்டை ‘கடபீ’ ஆகிவிடும். கோதுமைத் தாளை நொறுக்கிய உலர்தீவனம் உருதுவில் ‘பூஸா’, பஞ்சாபியில் ‘தூடீ’. தவிடு ‘சோக்கர்’, புண்ணாக்கு ‘கல்’, அடர்தீவனம் ‘வண்டா’. சந்தையில் ‘கல் பினோலா’ என்று கேட்டால் அது பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

ஐந்தாம் படி: மயங்கும் சொற்களை நீக்குதல்

‘சாரா’ என்பதற்கே ‘பரிகாரம், வேறு வழி’ என்ற பொருளும் உண்டு; எழுத்தும் ஒன்றே. பார்லியைக் குறிக்கும் ‘ஜௌ’வும், ‘எது, யார்’ என இணைக்கும் ‘ஜோ’வும் ஜீம், வாவ் என்ற அதே இரண்டு எழுத்துகளால் எழுதப்படுவதால், இயந்திர மொழிபெயர்ப்பு பார்லி வயலைக் காணாமலாக்கிவிடும். ஆங்கிலத்தின் ‘கார்ன்’ அமெரிக்க வழக்கில் மக்காச்சோளம். பழைய பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாகத் தானியம், அதாவது ‘கல்லா’ அல்லது ‘அனாஜ்’. கொண்டைக்கடலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிராம்’ என்ற சொல்லைத் தேடினால் எடையளவு வரக்கூடும். நமக்கு வேண்டியது ‘சனா’.

எனக்கு மிகவும் பிடித்த மயக்கம் ‘ஸதா பஹார்’. பலமுறை அறுக்கத்தக்க கலப்பினத் தீவனச் சோளத்துக்கு அங்கே இப்பெயர் வழங்குகிறது. ஆனால் படங்களைத் தேடினால் நித்தியகல்யாணிப் பூக்கள் வந்து நிற்கும். ஆகவே இச்சொல்லுடன் ‘சாரா’வையும் சேர்த்தே தேடுங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

ஒவ்வொரு சொல்லையும் தாவரவியல் பெயரோடு ஒப்பிடுங்கள். பர்ஸீம் என்றால் டிரைஃபோலியம் அலெக்ஸாண்ட்ரினம், லூஸன் என்றால் மெடிகாகோ சடைவா என்று பொருந்த வேண்டும். அடுத்து, பஞ்சாப் மாகாண வேளாண்மைத் துறை பயிர்வாரியாக உருதுவில் வெளியிடும் ‘பைதாவாரீ மன்ஸூபா’ என்ற சாகுபடிக் கையேடுகளில் அச்சொல் எந்தச் சூழலில் வருகிறது என்று பாருங்கள். அகராதியைவிட இக்கையேடுகளையே நான் நம்புவேன். இவை விவசாயிக்காக எழுதப்படுபவை.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: ‘பர்ஸீம் கோ பூஸே மேன் மிலா கர் கிலாயேன்.’ பூஸா இங்கே ‘பூஸே’ ஆகியிருக்கிறது; ‘மேன்’ என்பது ‘இல்’, ‘மிலா கர்’ என்பது ‘கலந்து’, ‘கிலாயேன்’ என்பது ‘ஊட்டுங்கள்’. பர்ஸீமைப் பூஸாவுடன் கலந்து கொடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஈரப்பசையுள்ள பர்ஸீமை மட்டும் வயிறு நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும் என்பதே. அந்த உப்புசத்துக்கு உருதுவில் ‘அபாரா’ என்று பெயர். அதையும் ஏட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.