ஓடிப்போகும் பிள்ளையும் திறந்த கிணறும்

ஓட்டிசம் (பேச்சிலும் மற்றவரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளைகள் பலர் வீட்டுக்காரர் கொஞ்சம் அசந்தால் படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில் அப்படிப் போகும் பிள்ளைக்கு வீதியை விடத் தண்ணீரே பெரிய ஆபத்து: கட்டில்லாத தோட்டக் கிணறு, மாரியில் நிரம்பிய குளம், வாய்க்கால். தண்ணீரின் மினுக்கமும் சத்தமும் பிள்ளையை இழுக்கும், ஆழம் விளங்காது.

முதலில், ஏன் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வாருங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எங்கே போய் நின்றது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியவரும். ஏதோ ஒன்றைத் தேடிப் போகிறது (பக்கத்துத் தோட்டத்து வாட்டர் பம்ப்), அல்லது ஒன்றுக்குத் தப்பி ஓடுகிறது (விருந்தினர் கூட்டம், தங்கச்சியின் அழுகை). தேடிப் போகிற பிள்ளைக்கு அதை வீட்டிலேயே, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள்: பின்னேரம் 4 மணிக்கு ஒரு வாளித் தண்ணீர், இரண்டு கோப்பை, பக்கத்தில் பெரியவர் ஒருவர். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். தப்பி ஓடுகிற பிள்ளைக்கு, சத்தம் குறைந்த ஒரு மூலை வேண்டும். அடித்துத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை ஒளிக்கத்தான் பழகும், அடுத்த முறை தேடுவது இன்னும் கஷ்டம்.

கிணற்றுக்கு 3 அடிக் கட்டு இருந்தால் போதாது. கவிழ்த்த வாளி, உடுப்புத் தோய்க்கும் கல், பம்ப் மேடை எல்லாம் ஏறுபடிதான். இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்து, இரண்டு பாதி மூடியாகப் போட்டுப் பூட்டுங்கள். வெறும் தகரத்தால் மூடுவது மோசம்: மேலே ஏறினால் பிள்ளையோடு உள்ளே போகும்.

படலைக்கு இரண்டாவது கொளுக்கி ஒன்றை வெளிப்பக்கமாக, வளர்ந்தவரின் தோள் உயரத்தில் போடுங்கள். கதவில் மாட்டுமணி ஒன்று கட்டினால் சமையலறைக்கும் கேட்கும். இரவில் உள்ளே பூட்டிவிட்டுச் சாவியை எங்கேயோ ஒளித்து வைக்காதீர்கள். நெருப்புப் பிடித்தால் எல்லோரும் உள்ளே அகப்படுவீர்கள்.

தொலைபேசி இலக்கத்தைச் சட்டையின் உட்பக்கம் தைத்துவிடுங்கள். கழுத்து அட்டையைப் பல பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடும். வெளியே போகும் நாளில், உடுத்திருக்கும் உடுப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள். அயல்வீடுகளுக்கும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் தனியே போகும் பிள்ளையைக் கண்டவரும் பேசாமல் போய்விடுவார்.

காணவில்லை என்றால் சொந்தக்காரர் வீடுகளுக்கு அலையாதீர்கள். முதலில் தண்ணீர்: கிட்டிய கிணறு, பிறகு வாய்க்கால், குளம். ஒருவர் வீட்டில் நிற்கட்டும், இன்னொருவர் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு எடுக்கட்டும். மிதிவெடி அபாயப் பலகை உள்ள பக்கம் என்றால் அதையும் பொலிசுக்குச் சொல்லுங்கள், நீங்களாக உள்ளே இறங்க வேண்டாம். கண்டதும் கத்தித் துரத்தாதீர்கள். விளையாட்டென்று நினைத்தோ பயந்தோ ஓடும். தண்ணீருக்கும் பிள்ளைக்கும் இடையில் மெல்ல வந்து, பிடித்த பொருளைக் காட்டுங்கள்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் போன்ற கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவதால் பலனில்லை. பிள்ளை பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது, அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஓடியிருக்கவும் கூடும். “மஞ்சள் சேட்டுப் போட்ட 6 வயதுப் பொடியன், கதைக்கமாட்டான், கண்டவர்கள் கூடவே நில்லுங்கள்” என்று சனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் கோவிலுக்குக் கிட்டிய நந்திக்கடல் களப்பின் கரைக்கு ஆளை அனுப்புங்கள்.