முந்திரிக்கொத்து எண்ணெயில் பிளக்காமல் சுடுவதும், அதைப் பனையோலைக் கொட்டானில் போட்டுக் கொடுப்பதும்

எண்ணெயில் போட்ட முந்திரிக்கொத்து ஒன்று வாயைத் திறந்துவிட்டால் போதும், அந்தச் சட்டியில் அப்புறம் போடுவதெல்லாம் கறுப்புப் புள்ளியோடுதான் வரும். சிறுபயறு மாவைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மேல்மாவில் முக்கிப் பொரிக்கிற பலகாரம் இது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பங்கரையில் இப்படிப் பிளப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. பாகுப் பதம் பிடிபட்ட பிறகு நின்றது. அதனால் இந்தப் பதிவில் பாகும் உலர்த்துவதும்தான் அதிக இடத்தைப் பிடிக்கும். மாவு சலிப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீடுகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க நான் முந்திரிக்கொத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். அல்வா வேண்டாமா என்றால், நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிற பாதிப் பேர் கையில் அதுதான் இருக்கிறது. சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் கிடக்கும். கேக் நாலு நாளில் காய்ந்துவிடும். முந்திரிக்கொத்து ஒழுங்காகச் சுட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும், ஆளுக்கு ஒன்றாகத் தின்று தீர்ந்துபோகும். வீட்டில் ஒரு பொருளாக உட்கார்ந்துகொள்ளாது.

தேவையானவை

சிறுபயறு 500 கிராம், கருப்பட்டி 200 கிராம், மண்டவெல்லம் 200 கிராம், தேங்காய் அரை மூடி, கறுப்பு எள் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய் 8, சுக்கு ஒரு சின்னத் துண்டு. மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 200 கிராம், மைதா 50 கிராம், மஞ்சள்தூள், உப்பு. பொரிக்க எண்ணெய். முந்திரிப்பருப்பு வாங்க ஓடாதீர்கள், இதில் அது கிடையாது.

இந்த அளவுக்கு நெல்லிக்காய் பருமனில் 50 உருண்டை வரும். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16 கொத்து. நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம்.

முழுக்கக் கருப்பட்டியே போட்டால்தான் ருசி என்று ஆச்சி சொல்லுவாள். ருசி உண்மைதான். ஆனால் புதிதாகச் செய்கிறவர்கள் பாதிக்குப் பாதி வெல்லம் சேர்த்துக்கொள்வது நல்லது. காரணம் பாகு வைக்கும்போது புரியும். கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துச் சரக்காகக் கிடைத்தால் வாங்குங்கள். பதநீர்க் காலம் கோடையோடு முடிந்துவிடுவதால் டிசம்பரில் கிடைப்பது இருப்பு வைத்த சரக்குதான். மழைக்காலத்து ஈரத்தில் மேலே கசிந்து பிசுபிசுத்திருந்தால் பரவாயில்லை, துடைத்துவிட்டு உடைக்கலாம். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு. ஆகவே பளபளவென்று அழகாக இருப்பதைத் தேடிப் போகாமல், தெரிந்த கடையில் வாங்குங்கள்.

படி 1: பயறு வறுப்பது

சின்னத் தீயில் நிதானமாக வறுங்கள். பச்சை நிறம் போய்ச் சிவந்து வாசனை வர வேண்டும். குறைவாக வறுத்தால் பச்சை வாடை அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியில் ஒரே ஒரு திருப்பு திருப்பி, உடைந்ததைச் சுளகில் புடைத்துத் தோலை எடுத்துவிட்டு, பிறகு ரவையைவிடக் கொஞ்சம் நைசாகத் திரிக்க வேண்டும். சூட்டோடு திரித்தால் ஆவி கோத்துக் கட்டி தட்டும்.

புடைக்கத் தெரியாதவர்கள் முதல் தடவை பாசிப்பருப்பை வறுத்துத் திரித்துக்கொள்ளுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், வேலை பாதியாகும். மில்லில் கொடுத்துத் திரிப்பதை நான் விரும்புவதில்லை. ரொம்ப நைசாக வந்துவிடும். முன்னால் மிளகாய்ப்பொடி திரித்திருந்தால் அந்தக் காரமும் கூடவே வரும்.

தேங்காயை ஈரம் துளிகூட இல்லாமல் பொன்னிறமாக வறுங்கள். பலகாரம் சீக்கிரம் ஊசிப்போவது பெரும்பாலும் இந்தத் தேங்காயால்தான். எள்ளைப் பொரிய விட்டு எடுத்து, ஏலம் சுக்குப் பொடியோடு எல்லாவற்றையும் மாவில் கலந்து ஒரு அகலப் பாத்திரத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் மாவை இன்னொரு முறை லேசாகச் சூடு காட்டுங்கள்.

படி 2: பாகு

இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். நடுவில் போனை எடுக்கக் கூடாது.

கருப்பட்டியையும் வெல்லத்தையும் தட்டி, முக்கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைய வையுங்கள். கரைந்ததும் இறக்கி வடிகட்ட வேண்டும். பதநீர் இறக்குகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பும் மண்ணும் அடியில் தங்கும். டீ வடிகட்டியில் ஒரு முறை, மெல்லிய துணியில் ஒரு முறை. பல்லில் மண் நறநறவென்று கடிபட்டால் மீதி எது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

வடித்ததை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். அப்போது அது வெறும் தண்ணீர் வற்றுகிறது, அவ்வளவுதான். பிறகு நுரை சின்னதாகி, கொதிக்கிற சத்தமே மாறி, கனமாகக் கொதிக்கும். அங்கிருந்து தீயைக் குறைத்துவிட்டுச் சோதிக்க ஆரம்பியுங்கள்.

வெல்லப் பாகில் கம்பி நன்றாகத் தெரியும். கருப்பட்டி கறுப்பு என்பதால் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. பாதி வெல்லம் போடச் சொன்னது இதற்காகத்தான். கரண்டியில் துளி எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு ஆற விடுங்கள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நேராகப் பிரித்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி அறுபடாமல் நீண்டு நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் கொதிக்கட்டும். அடியில் தங்கி, விரலால் கூட்டினால் இளக்கமாகத் திரண்டு வந்தால் சரி. கிண்ணத்தில் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டால் பதம் தாண்டிவிட்டது. அதில் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கரைத்துத் திரும்பக் கொதிக்க வைத்துப் பதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கொட்ட வேண்டியதில்லை.

எங்கள் மயினி ஒன்று சொல்லுவாள்: “கம்பி விழுந்திருச்சின்னா அப்புறம் அடுப்புல நிக்கப்பிடாது, இறக்கிரு.” அடிகனமான பாத்திரம் இறக்கின பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கம்பி தெரிந்த பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று விட்டால்தான் உருண்டை பல்லை உடைக்கும்.

பதம் குறைந்தால் என்ன ஆகும்? பிசைவதற்கு அருமையாக இருக்கும், உருட்டவும் வரும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். உள்ளே நிற்கும் தண்ணீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி மேல்மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கூடவே வெல்லமும் இளகி எண்ணெயில் இறங்கிக் கருகும். பிளப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். எண்ணெய்ச் சூட்டைக் குறை சொல்லிக்கொண்டு நின்றால் தீராது.

பாகை முழுதும் ஒரே மூச்சில் மாவில் ஊற்றாதீர்கள். ஒரு கரண்டி நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு பயறும் ஒவ்வொரு மாதிரி உறிஞ்சும். மரக்கரண்டியால் கிளறி, கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. தளர்ந்துவிட்டால் பொட்டுக்கடலை மாவு தூவுங்கள். உதிர்ந்தால் நிறுத்தி வைத்த பாகு.

படி 3: உருட்டி உலர்த்துவது

கை பொறுக்கிற சூட்டில் உருட்ட வேண்டும், ஆறினால் பிடிபடாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நல்லது. கையில் நெய் தடவாதீர்கள். நெய் பூசின உருண்டையில் மேல்மாவு வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டினால் அரிசி மாவைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

உருட்டினதைச் சுளகில் துணி விரித்துப் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விடுங்கள். சுளகுக்கு அடியில் முக்காலி, முக்காலிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். எறும்புக்கு நம்மைவிட முன்னாலேயே தெரிந்துவிடும். அவசரத்துக்கு நாலு மணி நேரமாவது உலர வேண்டும். உலர்ந்த உருண்டை வெடிக்காது, மாவையும் நன்றாகப் பிடிக்கும்.

படி 4: மேல்மாவும் பொரிப்பதும்

அரிசி மாவு, மைதா, மஞ்சள்தூள், உப்பு, ஒரு கரண்டி சூடான எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பஜ்ஜி மாவுப் பதத்துக்குக் கரைத்துப் பத்து நிமிஷம் வையுங்கள். ஒரு உருண்டையை முக்கித் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு எங்கேயும் தெரியக் கூடாது, கடைசிச் சொட்டு தயங்கி விழ வேண்டும். மாவு தண்ணியாக இருந்தால் அடியில் இடம் விட்டுப் போகும், அந்த இடத்தில்தான் கசியும்.

மூன்று உருண்டையை ஒரே சமயத்தில் மாவில் போட்டு, மூன்று விரலால் சேர்த்து எடுத்து, சட்டி ஓரமாக ஒட்டி விடுங்கள். மாவே அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒற்றையாக ஒன்று போட்டுப் பார்ப்பது என் வழக்கம். தீ நடுத்தரமாக இருக்கட்டும். மேல் தோல் இறுகும் வரை கரண்டி போட வேண்டாம். பிறகு ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும். உள்ளே இருப்பது எல்லாம் ஏற்கெனவே வறுத்தது, வெந்தது. மேலே இருக்கிற மாவு மொறுமொறுத்தால் போதும். இளமஞ்சளாக இருக்கும்போதே கண்கரண்டியில் அரித்துவிடுங்கள்.

அப்படியும் ஒன்று பிளந்தால் உடனே அதை எடுத்துவிட்டுத் தீயை அணைத்து, எண்ணெயில் மிதப்பதை அரித்துவிட்டுத் தொடருங்கள். நிறையக் கசிந்துவிட்டால் எண்ணெயை வடித்துச் சட்டியைத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பழைய இருப்புச்சட்டிதான், நான்ஸ்டிக் வேண்டாம். கொத்தைப் போடும்போது சூடு சட்டென்று இறங்காமல் இருப்புச்சட்டி தாங்கும். எண்ணெய், வீட்டோடு தின்பதற்கென்றால் தேங்காய் எண்ணெய். கொடுத்து அனுப்புவதற்குக் கடலை எண்ணெய், நாள்பட்டாலும் வாடை வராது.

ஜனவரியில் சேர்த்தது

மறுநாளே மேல்மாவு நமுத்துவிட்டது என்று பலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் எல்லோருமே வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தவர்கள். முழுக்க ஆற இரண்டு மணி நேரம் ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். இன்னொருவர் ஏர் ஃபிரையரில் வைத்துப் பார்த்தாராம். மாவு இறுகுவதற்கு முன்னால் வழிந்து கூடையில் ஒட்டிக்கொண்டது. கரைத்த மாவுப் பலகாரத்துக்கு அது தோதுப்படாது. கூரியரில் அனுப்புகிறவர்கள் கொத்தாகச் சுடாமல் ஒற்றை உருண்டையாகச் சுடுங்கள், கொத்து வழியிலேயே பிரிந்துவிடும்.

கொடுக்கிற விதம்

எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். டப்பாவைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கவலை. வெறும் டப்பாவாகத் தரக் கூடாது என்று சீனியாவது போட்டுத் தருவார்கள். அந்தச் சீனியைக் கொட்டி வைக்க நமக்கு ஒரு டப்பா. பிளாஸ்டிக் டப்பாக்கள் இன்னும் மோசம், மூடி ஒரு வீட்டிலும் அடி ஒரு வீட்டிலும் கிடக்கும். போட்டோ பிரேம், சுவர்க்கடிகாரம், பூச்சாடி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பரண் சொல்லும்.

பனையோலைக் கொட்டான்தான் எனக்குச் சரிப்பட்டது. திருச்செந்தூர்ப் பக்கம் சில்லுக்கருப்பட்டி விற்கும் ஓலைப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதி. நாலு கொத்து கொள்கிற அளவு போதும். வாங்கும்போது ஓலை நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். பச்சை வாடை அடிக்கிற புதுக் கொட்டானில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள். உள்ளே பட்டர் பேப்பர் விரித்தால் எண்ணெய் இறங்காது. தீர்ந்த பிறகு அதில் பூண்டு போட்டு வைப்பார்கள், இல்லையென்றால் அடுப்பெரிப்பார்கள். எதுவானாலும் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஒரு குறையும் உண்டு. ஓலைக்குள் காற்றுப் போகும். மார்கழிக் குளிர்க் காற்றில் மூன்று நாளுக்கு மேல் அதிலேயே இருந்தால் மொறுமொறுப்பு போய்விடும். அதனால் ஒரு துண்டுத் தாளில் சுட்ட தேதியையும், ‘வந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் மாற்றி வையுங்க’ என்றும் எழுதி உள்ளே வைத்துவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதைக் கொடுத்து ஆசை காட்டாமல், அதே கொட்டானில் வறுகடலையும் காரச்சேவும் வைப்பேன்.

சுட நேரமில்லாதவர்கள் கொட்டானில் ஒரு கிலோ நல்ல கருப்பட்டி வையுங்கள், அல்லது கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் அதைப் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். பத்தமடைப் பாயும் நல்ல பரிசுதான், ஆனால் அது சுருட்டி வைக்க இடம் கேட்கும். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

மேல்மாவு மிஞ்சினால் மிளகாய்ப்பொடியும் இன்னும் கொஞ்சம் உப்பும் பெருங்காயமும் சேர்த்து, அதே எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுவிடலாம். இனிப்பு வாடைக்கு நடுவில் அன்றைக்குச் சாயந்தரம் எல்லோரும் முதலில் காலி செய்வது அதைத்தான்.