பழைய அச்சுக் காகிதத்தின் வயதையும் விலையையும் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வண்ண விளம்பர அட்டை வாங்கினேன். அடியில் பொடி எழுத்தில் 1889 என்று பதிப்புரிமை ஆண்டு போட்டிருந்தது. அதை நம்பி ஃப்ரேம் போட்டு மாட்டியும் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அது அசலைப் படமெடுத்து ஆஃப்செட் என்ற நவீன அச்சுமுறையில் அடித்த மறுபதிப்பு. என் வயதுகூட அதற்கு இருக்காது. படத்தோடு சேர்ந்து அந்த 1889-ம் நகலாகியிருக்கிறது. அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. அஞ்சலட்டை, விளம்பர அட்டை, பழைய பத்திரிகை, அச்சுப்படம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1. முதலில் எதுவும் செய்யாதீர்கள்

செல்லோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டுத் தொட்டால் போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு தெரியாமல் ஓரம் கிழியும். வைப்பதற்கு பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், பிவிசி உறை ஆகாது. இரண்டு பக்கமும் படமெடுத்து, நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துவையுங்கள். இந்த அளவு கடைசியில் உதவும்.

2. பின்பக்கத்தைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சங்கதி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். அஞ்சலட்டையின் பின்பக்கம் நடுவே கோடு போட்டு, செய்திக்குப் பாதி, முகவரிக்குப் பாதி என்று பிரிந்திருக்கிறதா பாருங்கள். பிரிட்டன் இதை 1902-இல் அனுமதித்தது, ஜெர்மனி 1905-இல், அமெரிக்கா 1907 மார்ச்சில். பிரிக்காத அட்டை என்றால் பொதுவாக அதற்கு முந்தையது. அட்டையில் ஒட்டிய சிறிய அமெரிக்க ஒளிப்படத்தின் பின்னால் வரி கட்டியதற்கான வில்லை (ஸ்டாம்ப்) இருந்தால், அது 1864-க்கும் 1866-க்கும் இடையில் விற்றது. அந்த வரியே அந்த இரண்டு வருடம்தான் இருந்தது.

அஞ்சல் முத்திரையில் கவனம். அட்டை அந்தத் தேதிக்கு முன்பே அச்சாகிவிட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். இருபது வருடம் மேசை இழுப்பறையில் கிடந்த அட்டையை ஒருவர் எடுத்து அனுப்பியிருக்கலாம். அதேபோல பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தால், எழுத்து இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு முன் போகாது. அட்டை போகலாம்.

பதிப்பாளர் பெயரும் எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஆனால் அந்த நிறுவனத்தின் பதிவேடு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அஞ்சலட்டை பதிப்பித்த ரஃபேல் டக் நிறுவனத்தின் லண்டன் கட்டடம் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் ஆவணங்களோடு எரிந்துபோனது. இன்று அந்த அட்டைகளுக்கு இருக்கும் பட்டியல்கள், சேகரிப்பாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தொகுத்தவை.

3. லென்ஸ் (நான் வழுக்கி விழுந்த இடம்)

10 மடங்கு பெரிதாக்கும், நகை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விளக்கு வைத்த 60 மடங்குக் குட்டி மைக்ராஸ்கோப்பும் என்னிடம் இருக்கிறது. கை நடுங்கினால் எல்லாம் ஆடும். அதை எடுப்பதே இல்லை. போன் கேமராவை நம்பாதீர்கள். படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று அதுவாக எதையாவது வரைந்துவைக்கும்.

படத்தை விட்டுவிட்டு, முதலில் எழுத்தைப் பாருங்கள். அந்தக் காலக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து மை தடவி அடிக்கும் முறையில், எழுத்து இடைவெளியில்லாமல் மை நிறைந்து, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். அசலைப் படமெடுத்து அடித்ததில் கறுப்பு எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறும், ஓரம் ரம்பம் மாதிரி தெரியும். அடுத்து நிறம். பல வண்ணக் கல்லச்சில், அதாவது குரோமோலித்தோகிராஃபில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். புள்ளிகளைப் பெரும்பாலும் கையால் வைத்திருப்பார்கள். அளவும் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒரு நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். நவீன நான்கு வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் குட்டிக் குட்டிப் பூக்கள் போல வரிசை தப்பாமல் நிற்கும்.

இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் ஏமாந்தேன்? லென்ஸ் இல்லை என்று ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து பார்த்தேன். புள்ளியே இல்லை, வண்ணம் வழுவழுவென்று இருந்தது. ஒரே குஷி. ஸ்கேனர் மென்பொருளில் 'டீஸ்கிரீன்' என்று ஒரு வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அச்சுப் புள்ளிகளைக் கரைத்துவிடுவதுதான் அதன் வேலையே! அதை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன், பூப்பூவாகப் புள்ளிகள். நீங்கள் ஸ்கேன் செய்வதாக இருந்தால் முதலில் அதை அணையுங்கள்.

4. காகிதம்

பழுப்பாக இருந்தால் பழசு என்பது தவறான கணக்கு. கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் இருநூறு வருடம் கழித்தும் வெளிறிய நிறத்தில், மடித்தால் ஒடியாமல் இருக்கும். மரக்கூழ்க் காகிதம் 1840-களுக்குப் பிறகுதான் வந்தது. பழுப்பேறி நொறுங்குவது அதுதான். 1800 ஜனவரி 4 தேதியிட்ட 'அல்ஸ்டர் கவுண்டி கெசட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் இறந்த செய்தி அதில் இருப்பதால் பிற்காலத்தில் அதை நினைவுப்பொருளாகத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். வீட்டுப் பெட்டியில் கிடைப்பது அநேகமாக அந்த மறுபதிப்புதான், பழுப்பைப் பார்த்து அசல் என்று எண்ணிவிடாதீர்கள்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம் முழுக்க நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்தது, ஏறத்தாழ 1950-க்குப் பிந்தையது. ஒளிராவிட்டால் பழசு என்று அர்த்தமில்லை. இப்போதும் அந்த ரசாயனம் சேர்க்காத காகிதம் வருகிறது.

5. விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டலாம். அதிலும் விலை மேல் கோடு அடித்திருந்தால், பேரம் பேசிக் குறைவாக முடிந்தது என்று பொருள். கோட்டுக்கு அடியில் தெரிவது உண்மை விலை அல்ல. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளையும் தேடலாம், ஆனால் அவர்கள் வெளியிடும் தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் தரும் கட்டணமும் சேர்ந்திருக்கும். பழைய விற்பனை விலைகளைத் தேட உதவும் வொர்த்பாயிண்ட் மாதிரி சந்தா கட்டும் தளங்கள் ஆரம்பத்தில் தேவையில்லை என்பது என் கட்சி.

வயதுக்கும் விலைக்கும் பெரிய உறவு இல்லை. இருநூறு வருடத்து நிலப் பத்திரம் கேட்பாரற்றுக் கிடக்கும். நூறு வருடத்து சைக்கிள் விளம்பரத்துக்குக் காகிதம் சேர்ப்பவர், சைக்கிள் பொருள் சேர்ப்பவர் இருவரும் போட்டி போடுவார்கள். நிலையும் முக்கியம். ஆரம்பத்தில் அளந்தீர்களே, அதை இப்போது எடுங்கள். அக்கால அஞ்சலட்டை ஏறக்குறைய 9-க்கு 14 செ.மீ. இருக்கும். சில மில்லிமீட்டர் குறைந்து ஓரம் புதிதாகத் தெரிந்தால், கிழிசலை மறைக்க யாரோ நறுக்கியிருக்கலாம்.

பின்சேர்க்கை

முதலில் இதை எழுதியபோது "புள்ளி இருந்தால் போலி" என்று ஒரே வரியில் போட்டிருந்தேன். 1905 முத்திரையுள்ள தன் அட்டையில் புள்ளி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்னது சரி. ஹாஃப்டோன், அதாவது படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக்கி அடிக்கும் முறை, 1880-களிலேயே வந்துவிட்டது. 1905 வாக்கில் கறுப்பை ஹாஃப்டோனிலும் நிறங்களைக் கல்லச்சிலும் அடித்த அட்டைகள் ஏராளம். புள்ளியைப் பார்த்ததும் தூக்கிப்போடாதீர்கள். அந்த அச்சுமுறை, அட்டை சொல்லும் வருடத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

இன்னொருவருக்கு டார்ச் வெளிச்சத்தில் அட்டை முழுவதும் கறுப்பாக இருக்க, ஒரு மூலை மட்டும் ஒளிர்ந்ததாம். பின்னாளில் வேறு காகிதம் வைத்து ஒட்டுப்போட்ட இடமாக இருக்கும். இழை இழையாக ஒளிர்ந்தால் பயப்படாதீர்கள், அது உங்கள் சட்டை நூல். சலவைத்தூளிலும் அதே வெண்மையூட்டிதான். மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.